ஒரே வீட்டில் இரண்டு படபடப்பு: யாருக்கு அப்லேஷன், யாருக்கு மாத்திரை?

கோவிட் சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் எங்கள் காரைக்குடி வீட்டுப் பட்டாலை அலமாரியில் சும்மா கிடந்தது. பிள்ளையார் நோன்பு இரவில் அதற்கு மறுபடி வேலை வந்தது. ஆச்சி இழையை (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி) எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவர், அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். (அக்காவை எங்கள் வீடுகளில் ஆச்சி என்போம். பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள், வயது 47.) "வந்துருச்சு" என்றார். கழுத்து துடிப்பது எதிரில் நின்ற எனக்கே தெரிந்தது. விரலில் மாட்டிப் பார்த்தால் துடிப்பு நிமிடத்துக்கு 188. ஒரு நிமிடம் கழித்தும் 188, 187, மறுபடி 188.

பக்கத்தில் நாற்காலியில் இருந்த அப்பச்சி (எங்கள் அப்பா), "எனக்கும் வச்சுப் பாரு" என்றார். அவருக்கு வயது 73, துடிப்புக் கோளாறு என்று ஆறேழு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் விரலில் 92 என்றது, 117 என்றது, 84-க்கு இறங்கி 109-க்குத் தாவியது. எண் ஓர் இடத்தில் நிற்கவே இல்லை. ஆனால் மனிதர் சாவகாசமாக வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டையும் நாம் 'படபடப்பு' என்றே சொல்கிறோம். அதனால்தான் உறவில் எல்லோரும், "ரெண்டு பேரையும் ஒரே நடையா மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி, அந்த வயரு விட்டுச் சுடுறதைப் பண்ணிட்டு வந்துருங்களேன்" என்றார்கள். இரண்டு பேரையும் ஒரே மருத்துவரிடம்தான் கூட்டிப் போனோம். ஆச்சிக்கு அப்லேஷன் செய்தோம், அப்பச்சிக்குச் செய்யவில்லை. எப்படி அந்த முடிவுக்கு வந்தோம் என்று பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இரண்டு ஃபைலையும் தூக்கிக்கொண்டு அலைந்தவன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது ஆஞ்சியோ இல்லை. ஆஞ்சியோ இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. அப்லேஷன் இதயத்தின் கரண்ட் சம்பந்தப்பட்டது. குழாய் வேலைக்கு ஒருவர், வயரிங் வேலைக்கு ஒருவர் என்பதுபோல இதற்கென்று எலக்ட்ரோபிசியாலஜி படித்த இதய மருத்துவர் வேண்டும். தொடை இடுக்கில் இருக்கும் சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய வயர்களை இதயத்துக்குள் அனுப்பி, எந்த இடம் கோளாறு செய்கிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சில மில்லிமீட்டரை மட்டும் சூடாக்குகிறார்கள். 50 டிகிரிக்கு மேல் போனால் அந்தத் தசை செத்துத் தழும்பாகிவிடும். தழும்பில் கரண்ட் பாயாது. நெஞ்சைத் திறப்பதெல்லாம் கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் குழு இதை முதலில் மனிதர்களுக்குச் செய்தபோது நேரடி மின் அதிர்ச்சியே கொடுத்தார்கள். பிறகு ரேடியோ அலைச் சூடு வந்து அதை ஓரங்கட்டிவிட்டது.

ஆச்சிக்கு இருந்தது எஸ்.வி.டி. (இதயத்தின் மேல்பகுதியிலிருந்து திடீரென்று வரும் வேகத் துடிப்பு) வகையில் மிகச் சாதாரணமானது. செட்டிநாட்டு வீட்டு வளவை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் நாலு பக்கமும் தாழ்வாரம். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பார்கள், நிற்க மாட்டார்கள். இதயத்தின் மேல் அறைகளுக்கும் கீழ் அறைகளுக்கும் நடுவே கரண்ட் இறங்கும் சந்திப்பில் சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு வழி இருக்கும், ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. நேரம் தவறி வரும் ஒரு துடிப்பு மெதுவான வழியில் இறங்கி, வேகமான வழியில் ஏறி, வளையமாகச் சுற்றத் தொடங்கிவிட்டால் துடிப்பு ஒரேயடியாக 150, 200 என்று போய்விடும். சுவிட்ச் போட்டதுபோல் ஆரம்பிக்கும், சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கும். நின்ற பிறகு ஆச்சி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்கப் போவார். அதுவும் இந்த நோயின் அடையாளம்தானாம். நாங்கள் அதைப் பயத்தால் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வளையத்தில் ஒரு கதவைச் சாத்தினால் போதும், ஓட்டம் நின்றுவிடும். மெதுவான வழியைச் சுட்டுவிடுவார்கள். அன்றாட வேலைக்கு வேகமான வழி இருக்கிறது.

ஆனால் இந்த முடிவெடுக்கும் இடத்துக்கு வரவே எங்களுக்கு ஆறு வருடம் ஆனது. காரணம், ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஈசிஜி ஒன்றுகூட இல்லை. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். நின்ற பிறகு எடுத்தால் ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், தைராய்டு நார்மல். ஓர் இடத்தில் கேஸ் என்றார்கள். இன்னோர் இடத்தில் மாதவிடாய் நிற்கும் வயது, மனப்பதட்டம் என்று தூக்க மாத்திரை எழுதினார்கள். ஆச்சி அதைப் பாதி நம்பியும்விட்டார், அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. நோன்பு இரவில்தான் அதிர்ஷ்டம். இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன மருத்துவமனையில், துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் பன்னிரண்டு லீட் ஈசிஜி எடுத்துவிட்டார். அந்த ரோஸ் நிறத் தாளை நான் போனில் படம் பிடித்து வைத்தேன். மதுரையில் மருத்துவர் எங்கள் தடிமனான ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் மற்ற டெஸ்டுக்கெல்லாம் செலவழிக்கும் முன் அந்த ஒரு தாளுக்கு வழி பாருங்கள். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரமும் உதவும். வேறு வழியில்லை என்றால் ஆக்சிமீட்டர் திரையை வீடியோவாவது எடுத்து வையுங்கள். எண் நிலையாக நிற்கிறதா, தாவுகிறதா என்பதே மருத்துவருக்கு ஒரு தடயம்.

அன்று இரவு ஊசியில் அடினோசின் 6 மில்லிகிராம் போட்டார்கள், அடங்கவில்லை. 12 போட்டதும் நின்றது. மருந்து சில விநாடிதான் உடம்பில் இருக்கும், ஆனால் அந்தச் சில விநாடி நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல் இருக்கும். "செத்துப் பொழச்சேன்" என்றார் ஆச்சி. முன்கூட்டியே இப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போட்டிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும்.

சரி, ஆச்சிக்கு முன்னால் இருந்த வழிகள் என்னென்ன? உயிருக்கு ஆபத்து என்று பயமுறுத்தி யாரும் எங்களைத் தள்ளவில்லை. மற்றபடி நல்ல இதயத்தில் வரும் இந்த வகை எஸ்.வி.டி. பெரும்பாலும் உயிரை வாங்காது. எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். வந்தால் நிறுத்தும் முறையைக் கற்றுக்கொண்டால் போதும். பாதி சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் முனையை வாயில் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, இன்னொருவர் இரண்டு காலையும் 45 டிகிரி தூக்கி 15 விநாடி பிடித்திருக்க வேண்டும். 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், உட்கார்ந்தபடியே முக்கும் பழைய முறையில் 100-க்கு 17 பேருக்கு நின்றது, காலைத் தூக்கும் இந்த முறையில் 43 பேருக்கு நின்றது. முதல் தடவை மருத்துவர் முன்னிலையில் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் இரண்டு தடவை எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் ஆச்சியைக் கிடத்தி நான் காலைத் தூக்கியிருக்கிறேன். ஒரு தடவை நின்றது, ஒரு தடவை நிற்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம் வந்து போகிறவர்களுக்கு இதுவே தாராளம்.

அடுத்தது தினசரி மாத்திரை. மெட்டோப்ரலால் மாதிரி பீட்டா பிளாக்கர், அல்லது வெராப்பமில், டில்டியாசெம். விலை குறைவு, தெருமுனை மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் மாத்திரை வளையத்தை அறுக்காது, ஓட்டத்தை அடிக்கடி தொடங்கவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஆச்சி நாலு மாதம் மெட்டோப்ரலால் சாப்பிட்டார். மாதம் ஒன்று என்று வந்தது இரண்டு மாதத்துக்கு ஒன்றானது. காலையில் எழுந்தால் கை கால் ஈயமாய்க் கனக்கிறது என்றார், எழுந்து நின்றால் தலை சுற்றியது. வெராப்பமிலுக்கு மாறலாம், அதில் மலச்சிக்கல் பிரசித்தம். வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளும் மாத்திரை முறையும் உண்டு. பிரஷர் இறங்கி மயக்கம் வரக்கூடும் என்பதால், தனியாக இருப்பவர்களுக்கு அது சரிப்படாது என்பது என் எண்ணம்.

அப்லேஷனில் இந்த வகைக்கு 100-க்கு 95 பேருக்கு மேல் ஒரே தடவையில் தீர்கிறது. திரும்ப வருவது சில பேருக்கு மட்டும். ஆபத்து என்று பார்த்தால், தொடையில் ரத்தம் கட்டுவதுதான் அதிகம் நடப்பது. பயப்பட வேண்டிய ஒன்று உண்டு: சுட வேண்டிய இடம் முக்கியச் சந்திப்புக்கு ஒட்டியே இருக்கிறது. கை சில மில்லிமீட்டர் பிசகினால் கரண்ட் இறங்கும் வழியே அடைபட்டு, ஆயுளுக்கும் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். 100-இல் ஒருவருக்கும் குறைவாகத்தான் நடக்கிறது. ஆனாலும் 47 வயதில் அந்த ஒருவராக ஆகிவிட்டால்? ஆச்சியைவிட ஆத்தா இதற்குத்தான் அழுதார்.

நான் தராசில் வைத்தது வேறு ஒன்றை. ஆறு வருடத்தில் ஆச்சி விட்டுவிட்டவற்றைக் கணக்குப் போட்டேன். பழனிக்குப் பாதயாத்திரை போவதை விட்டார். பல்லவனில் தனியாக மெட்ராசுக்கு மகளைப் பார்க்கப் போவதை விட்டார். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கிறார். படபடப்பு மாதத்தில் அரை மணி நேரம்தான் வருகிறது, பயம் மாதம் முழுக்க இருக்கிறது. இன்னும் முப்பது வருடம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அந்தப் பயத்தோடும் இருக்க வேண்டுமா? 2019-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும், மாத்திரை தோற்ற பிறகுதான் என்று நிபந்தனை போடாமல், தொந்தரவு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அப்லேஷனைப் பரிந்துரைக்கிறது. ஆச்சி சரி என்றார்.

காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எந்த ஊர் என்பதைவிட யார் கை என்பதுதான் முக்கியம். இந்த வகையை எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு பேஸ்மேக்கர் வைக்க நேர்ந்தது என்று நேராகவே கேட்டேன். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். வேறோர் இடத்தில் கொடுத்த எஸ்டிமேட்டில் 3டி மேப்பிங் (இதயத்துக்குள் கரண்ட் போகும் வழியைக் கணினியில் வரைவது) என்று பெரிய தொகை இருந்தது. ஆச்சிக்கு இருப்பது போன்ற எளிய வளையத்துக்குப் பல சமயம் அது இல்லாமலே எக்ஸ்ரேயும் ஈசிஜியும் வைத்து முடித்துவிடுகிறார்கள். வேண்டுமா என்று கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. கதீட்டர் புதியதா, சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவதா என்பதைப் பொறுத்தும் பில் மாறும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் வருடத்துக்கு 5 லட்சம் வரை வழி இருக்கிறது. எந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு அந்த அட்டை செல்லும் என்பதை அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

செய்த நாளைப் பற்றிக் கொஞ்சம். ஐந்து நாள் முன்பே மெட்டோப்ரலாலை நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் கோளாறு ஒளிந்துகொள்ளும். தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி. ஆச்சிக்கு முழு நினைவு இருந்தது. உள்ளேயிருந்து கரண்ட் கொடுத்து அந்தப் படபடப்பை அவர்களே கிளப்பிவிட்டு, "இதுதானாம்மா உங்களுக்கு வர்றது?" என்று கேட்டிருக்கிறார் மருத்துவர். "இதேதான்" என்று சொல்லும்போது தனக்கு அழுகையே வந்துவிட்டது என்றார் ஆச்சி. ஆறு வருடம் கேஸ் என்று சொன்னதை ஒருவர் திரையில் காட்டிக் கேட்கிறார் அல்லவா! சுட்ட பிறகு மறுபடி கிளப்பிப் பார்த்தார்கள், வரவில்லை. ஒன்றரை மணி நேரம். அப்புறம் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்ததுதான் பெரிய தண்டனை. மறுநாள் வீடு. ஒரு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது.

இப்போது அப்பச்சி.

அவருக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். இங்கே வளவைச் சுற்றி ஒரு பிள்ளை ஓடவில்லை. கல்யாண வீட்டின் எல்லாக் கட்டுகளிலும் ஆளாளுக்குக் கத்துவதுபோல மேல் அறைகள் முழுவதும் தாறுமாறாகத் துடிக்கின்றன. சாத்துவதற்கு ஒரு கதவு இல்லை. 1998-இல் பிரான்சின் போர்டோ நகரத்தில் ஹைசகேர் குழு, இந்தக் கூச்சல் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயிலில்தான் தொடங்குகிறது என்று கண்டது. அதனால் பொதுவாக நாலு சிரைகளின் வாயைச் சுற்றியும் தழும்பால் வேலி கட்டுகிறார்கள். சூட்டால் செய்யலாம், குளிரால் உறைய வைக்கலாம், இப்போது மின்துடிப்பால் செய்யும் புது முறையும் வந்திருக்கிறது. எதுவானாலும் வலப்பக்கத்திலிருந்து நடுச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் போக வேண்டும். வேலையும் பெரிது, மயக்கமும் பெரிது.

பலனும் ஆச்சிக்குச் சொன்ன கணக்கு இல்லை. விட்டு விட்டு வரும் ஏஎஃப் உள்ளவர்களில் 100-க்கு ஏறத்தாழ 70 பேர் ஒரு வருடம் தொந்தரவு இல்லாமல் இருக்கிறார்கள். அப்பச்சிக்கு இருப்பதுபோல் வருடக்கணக்காக நிலைத்துவிட்டால் இன்னும் குறைவு, இரண்டாம் தடவை செய்ய வேண்டிவருவதும் சகஜம். இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது 100-இல் ஒருவருக்கு நடக்கலாம். பக்கவாதம் அதைவிட அரிது. பின்னால் ஒட்டியிருக்கும் உணவுக்குழாயில் ஓட்டை விழுவது மிக மிக அரிது, ஆனால் விழுந்தால் உயிருக்கே உலை. 2019-இல் வெளியான கபானா ஆய்வில் 2,204 பேரை மருந்து ஒரு பக்கம், அப்லேஷன் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தார்கள். மரணம், பெரிய பக்கவாதம் போன்றவற்றில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. அன்றாடம் நிம்மதியாக இருப்பதில் அப்லேஷன் பக்கம் மேலாக இருந்தது.

அப்பச்சியோ நிம்மதியாகத்தான் இருக்கிறார். தினமும் காலையில் கொப்புடையம்மன் கோயில்வரை நடந்து போய் வருகிறார், மூச்சு வாங்குவதில்லை. எக்கோவில் இடது மேல் அறை 5 சென்டிமீட்டருக்கு மேல் வீங்கியிருக்கிறது, அவ்வளவு விரிந்த அறையில் வேலி நிலைப்பதும் கடினம். தொந்தரவே இல்லாதவருக்குத் தொந்தரவைக் குறைக்க ஒரு பெரிய சிகிச்சையா? துடிப்பின் வேகத்தை அடக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்த இரண்டாவது மாத்திரையில்தான் உறவினர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். "அப்லேஷன் பண்ணிட்டா அந்த ரத்தம் இளக்குற மாத்திரையை விட்டுடலாமே." ஏஎஃப்பில் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காததால் அங்கே ஒரு மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மாத்திரை வேண்டுமா என்பதை வயது, பிரஷர், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றை எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள். அப்பச்சிக்கு முதல் மூன்றும் உண்டு. அப்லேஷன் செய்துகொண்டாலும் அவரைப் போன்றவர்கள் தொடர வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். முன்பு அசிட்ரோம் என்ற பழைய வகை மாத்திரை சாப்பிட்டார், மாதாமாதம் ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்ற டெஸ்ட்) பார்த்தோம், கீரை சமைக்கும் நாளெல்லாம் வீட்டில் சண்டை. இப்போது அபிக்சபான், காலை ஒன்று மாலை ஒன்று, கீரைக்குத் தடை இல்லை. ஆனால் கீல்வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இந்தப் புதிய மாத்திரைக்குத் தாங்களாக மாறிவிடக் கூடாது. அவர்களுக்குப் பழைய வகையே மேல் என்று 2022-இல் ஆய்வு வந்திருக்கிறது.

அப்பச்சிக்கு 55 வயதாக இருந்து, ஏஎஃப் விட்டு விட்டு வந்து அவரைப் படுத்தியிருந்தால் நான் வேறு மாதிரிதான் எழுதியிருப்பேன். நோய் முற்றுவதற்குள் தாளத்தைச் சரிசெய்வதில் பலன் இருக்கிறது என்று 2020-இல் ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வு காட்டியது. 2023 அமெரிக்க வழிகாட்டுதல் அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அப்லேஷனையே முதல் சிகிச்சையாக வைக்கலாம் என்கிறது. இதயம் பலவீனமாகி ஏஎஃப்பும் சேர்ந்தவர்களுக்கும் கணக்கு அப்லேஷன் பக்கம் சாய்கிறது. எடையும் ஒரு பெரிய ஆள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உடல் எடையில் 10 சதவீதம் குறைத்து அதைத் தக்கவைத்தவர்களுக்கு ஏஎஃப் வெகுவாக அடங்கியது. இதை ஆச்சியின் மாமனார் வீட்டு விருந்தில், சீயமும் கந்தரப்பமும் இலையில் விழுந்துகொண்டிருக்கும்போது சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை, நானும்தான் இரண்டாவது சீயம் கேட்டேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். படபடப்பு இல்லாத நேரத்து ஈசிஜியிலேயே 'டபிள்யூ.பி.டபிள்யூ.' என்று எழுதியிருந்தால் அது மேலே சொன்ன இரண்டிலும் சேராது. பிறவியிலேயே மேலுக்கும் கீழுக்கும் ஒரு திருட்டு வழி இருக்கிறது என்று பொருள். அதோடு ஏஎஃப்பும் வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம், அந்த நேரத்தில் வெராப்பமில் கொடுத்தால் இன்னும் மோசமாகும். இளம் வயதுப் பிள்ளைகளுக்கு வேலைக்கான மெடிக்கலில் இப்படித் தெரியவந்தால், தொந்தரவு இல்லையே என்று விட்டுவிடாமல் எலக்ட்ரோபிசியாலஜி மருத்துவரிடம் ஒரு நடை போய்விடுங்கள்.

ஆச்சிக்குச் செய்து பதினாலு மாதம் ஆகிறது. முதல் சில வாரம் நடுநடுவே ஒரு துடிப்பு தப்பும், உடனே எனக்கு போன் வரும். ஓட்டம் தொடங்கவில்லை என்றால் பரவாயில்லை என்று மருத்துவர் சொன்னதை நானும் திருப்பிச் சொல்வேன். இப்போது அந்த போனும் வருவதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிவரை நடந்துவிட்டு வந்தார். சிரிஞ்சு மட்டும் இன்னும் கைப்பையில் இருக்கிறது, எடுத்து வெளியே போடச் சொன்னால் "இருக்கட்டுமே" என்கிறார். அப்பச்சிக்கு அடுத்த எக்கோ ஆடி மாதம். கோயிலுக்கு நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ, இதயத்தின் பம்ப் குறைந்திருந்தாலோ அப்லேஷன் பேச்சை மறுபடி எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவர் ஃபைலைப் பரணில் போடவில்லை, ஆக்சிமீட்டர் இருக்கும் அதே அலமாரியில்தான் வைத்திருக்கிறேன்.